ஐஸ் தண்ணீரில் இறங்கினால் கால்வலி போகுமா?

ஓடி முடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பொங்கல் வடையை ஒரு பிடி பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தூங்கிவிடலாம். மறுநாள் எழுந்தால் தொடை கொஞ்சம் கனக்கும். அதற்கும் மறுநாள்தான் சங்கதி தெரியவரும். மாடியிலிருந்து பால் வாங்க இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியிருக்கும். ஏறும்போது இவ்வளவு இல்லை. இறங்கும்போதுதான் உயிர் போகும்.

முதல் அரை மாரத்தான் ஓடிய பிறகு நான் இப்படி இறங்கியதைப் பார்த்து அம்மா, "வெந்நீர் வச்சுத் தரேன், நல்லா ஊத்திக்கோ" என்றார். கூட ஓடுகிற நண்பர் போனில், "ஐஸ் பாத் எடுத்திருந்தா இதெல்லாம் வந்திருக்காது பாஸ்" என்றார். ஒருவர் சூடு என்கிறார், இன்னொருவர் குளிர் என்கிறார். யார் சொல்வது சரி என்று தேடப் போய்த் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். "லாக்டிக் அமிலம் சேர்ந்துபோச்சு" என்று ஜிம்மில் யாராவது சொல்வார்கள். அது தவறு. வேகமாக ஓடும்போது ரத்தத்தில் லாக்டேட் (அந்த அமிலம் ரத்தத்தில் இருக்கும் வடிவம்) ஏறுவது உண்மை. ஆனால் ஓட்டத்தை நிறுத்திச் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதன் மேல் பழி போட முடியாது.

உண்மையான காரணம், தசை நாருக்குள் ஏற்படும் மிக நுண்ணிய சிதைவுகள். அதுவும் தசை சுருங்கும்போது அதிகம் வருவதில்லை. பாரம் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் வருகிறது. நிறைகுடத்தை இடுப்பிலிருந்து மெல்லத் தரையில் இறக்கி வைப்பதை நினைத்துப் பாருங்கள். கை நீண்டுகொண்டே போகிறது, அதே நேரத்தில் குடம் தொப்பென்று விழாமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. படி இறங்கும்போது முன்தொடைத் தசைக்கு இதே வேலைதான். ஓட்டத்திலும் ஒவ்வொரு முறை கால் தரையில் ஊன்றும்போது இது நடக்கிறது. 21 கிலோமீட்டரில் எத்தனை ஆயிரம் முறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சிதைவைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரையும் வெள்ளையணுக்களையும் அனுப்புகிறது. லேசாக வீங்குகிறது, நரம்பு முனைகள் கூச்சம் கொள்கின்றன. வலி 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, 48, 72 மணி வரை உச்சத்தில் இருந்துவிட்டு, தானாக இறங்கும். எதுவுமே செய்யாவிட்டாலும் இறங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, மசாஜ், ஐஸ் எல்லாவற்றுக்கும் பாதிப் புகழ் இதனால்தான் கிடைக்கிறது.

குளிர் என்ன செய்கிறது?

தோல் குளிர்ந்ததும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அடிபட்ட இடத்துக்கு நீர் கசிவது குறைகிறது. நரம்பில் சேதி போகும் வேகமும் குறைகிறது. ஐஸ் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் எரிந்து, பிறகு வலித்து, கடைசியில் மரத்துப் போகிறதே, அதுதான். குளிர் சிகிச்சையில் சந்தேகத்துக்கு இடமில்லாத பலன் இந்த மரத்துப்போதல்தான் என்பது என் கணிப்பு.

மூன்றாவது ஒன்று உண்டு. அதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீரின் அழுத்தம். இடுப்பு வரை தண்ணீரில் நின்றால், ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாதத்தின் மேல் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடுதல் அழுத்தம் விழுகிறது. மேலே வர வர அது குறையும். இறுக்கமான நீள சாக்ஸ் போட்ட மாதிரி, காலில் தேங்கிய நீரை இது மேல்நோக்கித் தள்ளுகிறது. இதற்கு ஐஸே தேவையில்லை. நீச்சல் குளத்தில் கால் மணி நேரம் நடந்தாலும் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குளிர்வது பெரும்பாலும் தோலும் அதன் கீழ்ப் பகுதியும்தான். ஆழத்தில் இருக்கும் தசை பத்து நிமிடத்தில் சில டிகிரிதான் இறங்கும். நடுவில் கொழுப்பு தடுப்புச் சுவராக இருக்கிறது. ஒல்லியானவருக்குச் சீக்கிரம் குளிரும். நம்மில் சிலருக்கு அவ்வளவு சீக்கிரம் குளிராது.

இதைவிட மேலோட்டமானது, கிரிக்கெட் மைதானத்தில் அடிபட்டதும் ஓடிவந்து அடிக்கிறார்களே, அந்த ஸ்பிரே. அது ஆவியாகும்போது தோலை மட்டும் கொஞ்ச நேரம் மரக்க வைக்கும். வீட்டில் இருக்கும் தைலத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதில் உள்ள மென்தால், தோலில் குளிரை உணரும் நரம்பு முனையைத் தூண்டிவிடுகிறது. மூளை 'குளிர்கிறது' என்று நம்பிவிடும். தசை கொஞ்சமும் குளிர்ந்திருக்காது. வலி மறக்க உதவுகிறது என்றால் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அது குளிர் சிகிச்சை ஆகாது.

சரி, வலி குறைகிறதா?

குறைகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் 17 சிறிய ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மொத்தம் 366 பேர். சும்மா உட்கார்ந்து ஓய்வெடுத்தவர்களைவிட, குளிர்ந்த நீரில் இறங்கியவர்களுக்கு அடுத்த சில நாட்களில் தசை வலி குறைவாக இருந்தது. பக்கவிளைவுகளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வுகளில் விவரம் இல்லை என்றும் அதிலேயே எழுதினார்கள். பெரிய வீரர்களின் சாட்சியமும் உண்டு. இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 2002 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்றபோது ஐஸ் குளியலுக்கு நன்றி சொன்னார். அதற்குப் பிறகு ஓட்டக்காரர்கள் பலர் தொட்டியைத் தேட ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறு. 2014-இல் ஆஸ்திரேலியாவில் செய்தது. 30 ஆண்களைக் கடுமையாக சைக்கிள் மிதிக்க வைத்து, மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 10 டிகிரித் தண்ணீரில். இரண்டாவது குழு உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தட்ட இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில். மூன்றாவது குழுவுக்கும் அதே வெதுவெதுப்பான தண்ணீர்தான். ஆனால் அவர்கள் கண்முன்னே ஏதோ ஒரு எண்ணெயை ஊற்றி, 'இது தசையை மீட்டெடுக்கும் விசேஷ எண்ணெய்' என்று சொன்னார்கள். உண்மையில் அது தோல் கழுவும் சோப்புத் திரவம். முடிவு? அடுத்த இரண்டு நாட்களில் கால் பலம் திரும்பியதில் சோப்புத் தண்ணீர்க் குழுவும் ஐஸ் குழுவும் ஏறக்குறைய சமம். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருந்தவர்கள்தான் பின்தங்கினார்கள்.

இதை வைத்து 'ஐஸ் பாத் எல்லாம் மனப்பிரமை' என்று நான் சொல்ல மாட்டேன். பலனில் ஒரு பங்கு நம்பிக்கையால் வருகிறது, அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஐஸில் உட்கார்ந்தவருக்கு, 'இவ்வளவு கஷ்டப்பட்டதற்குப் பலன் இல்லாமலா போகும்' என்று தோன்றத்தானே செய்யும்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்

வீக்கமும் அழற்சியும் கெட்டவை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் எடை தூக்கிய பிறகு தசை பெருப்பது அந்தச் சிதைவையும் பழுதுபார்ப்பையும் சார்ந்த வேலை. கொத்தனார் வந்து சாரம் கட்டும்போதே தெரு அடைக்கிறது என்று அவரை விரட்டிவிட்டால் வீடு எழும்புமா?

2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 21 ஆண்கள் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி முடிந்ததும் பாதிப் பேர் 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் இறங்கினார்கள். மீதிப் பேர் மெதுவாக சைக்கிள் மிதித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தசை அளவிலும் பலத்திலும் சைக்கிள் மிதித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். இந்த ஒரு ஆய்வு மட்டுமில்லை, தசையில் புதுப் புரதம் சேரும் வேகத்தைக் குளிர் குறைக்கிறது என்று பிறகு நெதர்லாந்திலும் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆக, தொடை பெருக்க வேண்டும், பலம் ஏற வேண்டும் என்று மாதக் கணக்கில் உழைக்கிறவர், ஒவ்வொரு நாளும் ஸ்குவாட் முடித்த கையோடு ஐஸ் தொட்டியில் குதிப்பது சம்பாதித்ததைத் தானே கொண்டுபோய்க் கொட்டுவது மாதிரி. குளிர்த் தண்ணீர் பிடிக்கும் என்றால் பயிற்சி இல்லாத நாளில் இறங்கட்டும். நீண்ட தூர ஓட்டம், சைக்கிள் போன்ற தாக்குப்பிடிக்கும் பயிற்சிகளில் இப்படி ஒரு இழப்பு தெளிவாகக் காணப்படவில்லை.

அதனால் ஐஸ் எடுக்கலாமா வேண்டாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அடுத்த ஆட்டம் எப்போது? இன்று காலை அரையிறுதி, நாளை இறுதிப் போட்டி என்றால் எடுங்கள். கபடி, கால்பந்து, டென்னிஸ் என்று அடுத்தடுத்த நாட்களில் ஆட வேண்டியவர்களுக்கு, நாளைக்குக் கால் லேசாக இருப்பதுதான் முக்கியம். மூன்று மாதம் கழித்துத் தசை எவ்வளவு பெருக்கும் என்பது அன்றைக்குக் கவலை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஓடப் போகிறீர்கள் என்றால் ஐஸுக்குச் செலவழிக்கும் காசில் நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.

வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்றால்

ஆய்வுகளில் பெரும்பாலும் நல்ல பலன் தெரிந்தது 11 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை உள்ள தண்ணீரில், 11 முதல் 15 நிமிடம் இருந்தபோது. ஐஸ் கட்டி மிதந்து கலகலக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் படம் நன்றாக வரும், பலன் கூடாது.

நம் ஊரில் பிரச்சினை 15 டிகிரிக்கு இறக்குவதுதான். கணக்கு எளிது. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 15-க்கு இறக்க 1,500 கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 80, உருகிய நீர் 15 டிகிரி வரை ஏறுவதற்கு 15, ஆக 95 கிலோ கலோரியை அது இழுத்துக்கொள்ளும். வகுத்துப் பார்த்தால் சுமார் 16 கிலோ ஐஸ். டிரம்மின் சூடு, உங்கள் உடம்புச் சூடு எல்லாம் சேர்த்து 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலையில் தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் 11 கிலோ போதும். ஃப்ரிட்ஜ் டிரேயில் உள்ள கட்டிகளைத் தட்டிப் போட்டால் தண்ணீருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நான் முதல் தடவை அதைத்தான் செய்தேன். தெர்மாமீட்டர் 29-ஐக் காட்டியது.

இப்போது என் ஏற்பாடு இதுதான். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில்களைக் கழுவி, கழுத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் முன்னாலிருந்தே ஃப்ரீசரில் அடுக்குவது. தண்ணீர் ஐஸானால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். இடம் விடாவிட்டால் பாட்டில் வெடிக்கும். பத்து பாட்டில் இருந்தால் வேலை நடக்கும். ஆனால் ஐஸ் பாட்டிலுக்குள் இருப்பதால் தண்ணீர் குளிர நேரமாகும், முக்கால் மணி நேரம் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்துத் திரும்ப ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வீட்டில் மற்றவர்கள் ஃப்ரீசரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பாடு. கடையில் ஐஸ் பார் வாங்குவதானால், மீனுக்குப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாது. காலில் சிராய்ப்பு, கொப்புளம் இருந்தால் அதில் இறங்காதீர்கள். மே மாதத்தில் மேல்தொட்டித் தண்ணீரைப் பிடித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். சம்ப் தண்ணீரைப் பிடியுங்கள்.

கழுத்து வரை முங்க வேண்டாம். ஓட்டக்காரருக்கு இடுப்பு வரை போதும். 200 லிட்டர் நீல டிரம்மில் நிற்பது பார்க்கச் சுலபம், ஏறி இறங்குவது சுலபம் இல்லை. வெளியே வரும்போது கால் மரத்திருக்கும், டிரம் சாயும். குழந்தைகளுக்கு வாங்கும் காற்றடைத்த தொட்டி இதைவிடப் பாதுகாப்பு. எதுவானாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

தண்ணீரில் கால் வைத்ததும் மூச்சு இழுத்துக்கொண்டு நிற்கும், நெஞ்சு படபடக்கும். இது குளிர் அதிர்ச்சி. முதல் ஒரு நிமிடத்தில்தான் மோசமாக இருக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். ஆகவே தடாலென்று குதிக்காமல், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று மெல்ல இறங்கி, வாயால் நீளமாக மூச்சை விட்டுக்கொண்டே இருங்கள். கால்விரல்களுக்குத்தான் முதலில் தாங்காது. சாக்ஸ் போட்டுக்கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும். நடுக்கம் கட்டுப்படாமல் போனாலோ, தலை சுற்றினாலோ நிமிடக் கணக்குப் பார்க்காமல் ஏறிவிடுங்கள். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். துடைத்து, உலர்ந்த துணி மாற்றி, ஒரு சுக்குக் காபி குடித்தால் போதும். உடனே சுடச்சுட வெந்நீர் ஊற்றிக்கொண்டால் சிலருக்கு மயக்கம் வரும்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள், குளிரில் விரல் வெளுத்துப் போகிறவர்கள், குளிர் பட்டால் தடிப்புத் தடிப்பாக வீங்குகிறவர்கள், கர்ப்பிணிகள், இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. பெரியவர்கள் பயப்படுகிற மாதிரி இதனால் ஜன்னி வராது. மாரடைப்பு வர வாய்ப்பு உள்ளவரைத்தான் இந்த முதல் நிமிடம் சோதித்துவிடும்.

சுளுக்கு வேறு, குளிர் அறை வேறு

கணுக்கால் பிசகி உடனே வீங்கினால் ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும். ஃப்ரீசரில் உறைந்து கிடக்கும் பால் பாக்கெட்டே போதும். ஈரத் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போல ஆகிவிடும். முழங்காலின் வெளிப்பக்கம் நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, அங்கே இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். அடிபட்டால் ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் 1978-இல் ஒரு சூத்திரமாகப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். 2014-இல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். முதல் சில மணி நேரம் வலிக்காக வைக்கலாம். நாள் முழுக்க, வாரம் முழுக்க வைக்க வேண்டியதில்லை.

பெரிய ஊர்களில் இப்போது கிரையோ அறைகள், அதாவது உறையவைக்கும் குளிர்காற்றுக்குள் ஆளை நிற்கவைக்கும் அறைகள், வந்திருக்கின்றன. மைனஸ் 110 டிகிரிக்கும் கீழே இரண்டு மூன்று நிமிடம். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், மைனஸ் நூறு என்ற எண்ணைப் பார்த்து அது தொட்டியைவிட உசத்தி என்று நினைக்க வேண்டாம். தண்ணீரின் அழுத்தமும் அங்கே கிடையாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல், சொல்லப்படும் பலன்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எச்சரித்தது. அமெரிக்க ஓட்டக்காரர் ஜஸ்டின் கேட்லின், 2011-இல் தென் கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டிக்கு முன் ஈரமான சாக்ஸோடு இப்படி ஒரு அறைக்குள் போய், பாதத்தில் உறைபனிக் காயத்தோடுதான் போட்டிக்கு வந்து சேர்ந்தார். 100 மீட்டரில் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை.

அப்புறம், அம்மாவின் வெந்நீர். புதிதாக வீங்கிய சுளுக்குக்கு வேண்டாம். ஆனால் ஓடிய மூன்றாம் நாள், வெறும் தசை இறுக்கம்தான் என்றால் வெந்நீர் இதமாகத்தான் இருக்கிறது. நொச்சி இலை போட்டால் வாசனையும் சேர்ந்துகொள்ளும். ஓடிய அன்றைக்குக் குளிர், பிறகு சூடு என்று இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க் போட்டுவிட்டேன். போட்டி இல்லாத மாதங்களில் டிரம் பக்கம் நான் போவதே இல்லை. அதில் இப்போது அம்மா தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்.